பத்துப் பொருத்தம்

'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று ஒருவர் சொன்னால் அதில் என்ன மிஸ்டேக்?

இலக்கணப்படி பார்த்தால் ஒன்றுமே இல்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது. இறந்த காலம் ஒழுங்காக வந்திருக்கிறது. நம்மில் பலர் விட்டுவிடும் அந்த 'எ' கூடத் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இருந்தும் இன்டர்வியூவில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் புருவம் அரை சென்டிமீட்டர் உயர்கிறது. காரணம், ஆங்கிலத்தில் தப்பை 'டூ' பண்ண மாட்டார்கள், 'மேக்' தான் பண்ணுவார்கள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் தெரியாது. 'அப்படித்தான் சொல்லுவாங்க' என்பார்.

இந்த 'அப்படித்தான் சொல்லுவாங்க' சமாசாரத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

டூ, மேக், டேக், ஹேவ், கிவ், கெட், புட். இந்த ஏழும் எல்.கே.ஜி. குழந்தைக்கே தெரிந்தவை. அதனால் நாலாம் வகுப்போடு தாண்டி வந்துவிடுகிறோம். உண்மையில் ஆங்கிலத்தில் கஷ்டமான வார்த்தைகள் இவைதான். 'ஃபோட்டோசிந்தசிஸ்' போன்ற பெரிய வார்த்தைகள் பரம சாது. ஒரே அர்த்தம், ஒரே வேலை. சின்ன வார்த்தைகள்தான் விஷமம். தனியாக இருக்கும்போது ஒரு முகம், ஒரு பெயர்ச்சொல்லோடு சேர்ந்ததும் வேறு முகம்.

பாத்திரம் தேய்த்தால் 'டூ த டிஷஸ்'. படுக்கையைத் தட்டி ஒழுங்கு பண்ணினால் 'மேக் த பெட்'. பிசினஸ் 'டூ', பணம் 'மேக்'. உதவிக்கு 'டூ எ ஃபேவர்', முயற்சிக்கு 'மேக் அன் எஃபர்ட்'. ஹோம்வொர்க் 'டூ'. அதே ஹோம்வொர்க்கில் வரும் தப்புக்கு 'மேக்'.

ஆசிரியர்கள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒன்றை உண்டாக்கினால் 'மேக்', ஏற்கெனவே இருக்கும் வேலையைச் செய்தால் 'டூ' என்று. கேக்குக்கும் நாற்காலிக்கும் இந்த விதி சரியாக வருகிறது. ஆனால் 'மேக் த பெட்' என்று சொல்லிவிட்டுப் போகிறவள் எந்தக் கட்டிலையும் புதிதாகச் செய்யவில்லை. படம் வரைவதை 'டூ எ டிராயிங்' என்கிறார்கள். அங்கே நிஜமாகவே புதிதாக ஒரு படம் உண்டாகிறது, ஆனாலும் 'டூ'. விதி இரண்டாவது தெருமுனையிலேயே படுத்துவிடுகிறது.

'பே' இன்னும் மோசம். பே என்றால் பணம் கட்டுவது. ஆனால் பே அட்டென்ஷன், பே எ விசிட், பே எ காம்ப்ளிமென்ட். கவனித்தாலும் கட்டணம், வீட்டுக்குப் போனாலும் கட்டணம், 'புடவை நல்லா இருக்கு' என்று சொன்னாலும் கட்டணம். ரசீது மட்டும் கிடையாது.

ஆங்கிலேயர்கள்தான் இப்படிப் படுத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கேள்வி என்ற எளிய சங்கதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கேள்வி கேட்கிறோம். ஆங்கிலேயரும் 'ஆஸ்க்', அதாவது கேட்கிறார்கள். ஸ்பானியர்கள் கேள்வியைச் செய்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் கேள்வியை எதிரே வைக்கிறார்கள். முடிவு? ஆங்கிலேயர் முடிவை 'மேக்' பண்ணுவார், சமயத்தில் 'டேக்'கும் பண்ணுவார். பிரெஞ்சுக்காரர் எடுப்பார். ஜெர்மானியர் முடிவைச் சந்திப்பார். ஏதோ ரயில்வே ஸ்டேஷனில் வைத்துச் சந்திப்பது போல. அந்த வினைச்சொல்லுக்கு 'சந்தி' என்றும் அர்த்தம் உண்டு.

கனவு விஷயத்தில் இன்னும் வேடிக்கை. நாம் கனவு காண்கிறோம். இந்திக்காரர்களும் பார்க்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் கனவைச் செய்கிறார். ஆங்கிலேயர் வைத்துக்கொள்கிறார், 'ஹேவ்'. 1963-ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தனக்கிருந்த கனவைப் பற்றிச் சொன்னபோதும் அந்த 'ஹேவ்' தான். அவர் தமிழராக இருந்திருந்தால் 'ஐ சா எ ட்ரீம்' என்று ஆரம்பித்திருப்பார். கூட்டம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எந்த வினைச்சொல் என்பது தர்க்கத்தில் நிச்சயமானதல்ல. பெரியவர்கள் பார்த்து நடத்தி வைத்த கல்யாணம். பத்துப் பொருத்தமும் பார்த்தார்களா என்று இப்போது யாருக்கும் தெரியாது. நன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் குடும்ப விஷயத்துக்கு மொழியியலில் 'காலோகேஷன்' என்று பெயர். சொற்சேர்க்கை என்று சொல்லலாம். இதைப் பிரபலப்படுத்தியவர் ஜே.ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேயர். லண்டனில் பேராசிரியர். அதற்கு முன் 1919 முதல் சுமார் பத்து வருஷம் லாகூரில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். நமக்கும் கொஞ்சம் சொந்தக்காரர். ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கணப் புத்தகத்தின் 1934-ஆம் வருஷப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றிப் பின்னிணைப்பு எழுதியிருக்கிறார். ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேருகிறது என்று பார்த்தால் அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளலாம் என்பது ஃபர்த்தின் கட்சி. பையனைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் யாரோடு சுற்றுகிறான் என்று கேட்பதில்லையா, அதுதான். இன்று உங்கள் செல்போன் அடுத்த வார்த்தை என்ன என்று ஊகித்துக் காட்டுகிறதே, கட்டுரை, கவிதை எல்லாம் எழுதித் தருகிறதே கம்ப்யூட்டர், அவற்றின் அடிப்படையிலும் இந்த எண்ணம் இருக்கிறது. சொல்லுக்குச் சகவாசம் முக்கியம்.

ஆனால் இதன் கஷ்டத்தை வெகுமுன்பே அனுபவித்து உணர்ந்தவர்கள் ஜப்பானில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர்கள். ஹெரால்ட் பாமர் என்பவர் 1922-ல் டோக்கியோ போனார். 1933-ல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைப் பற்றி ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை பார்த்த ஏ.எஸ். ஹார்ன்பி இன்னும் இருவருடன் சேர்ந்து தயாரித்த அகராதி, யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. அதையே 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு எடுத்துப் போட்டது. நம் வீட்டு அலமாரிகளில் அட்டை கிழிந்து கிடக்கும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' அகராதியின் பூர்வாசிரமம் இதுதான். ஆங்கிலேயனுக்கே ஆங்கிலத்தின் இந்தக் குணம் அயல்நாட்டு மாணவன் திணறியபோதுதான் சரியாகக் கண்ணில் பட்டிருக்கிறது.

இந்தக் குணத்தைப் பார்த்தும் பார்க்காமல் விட்ட ஒரு மேதையின் கதை உண்டு. சி.கே. ஆக்டன். கேம்பிரிட்ஜ் ஆசாமி. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸுடன் சேர்ந்து 1923-ல் 'த மீனிங் ஆஃப் மீனிங்' எழுதியவர். 1930-ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆங்கிலத்துக்கு மொத்தம் 850 வார்த்தை போதும். அதில் 600 பெயர்கள், 150 பண்புகள், மீதி 100-ல் வினை, இடைச்சொல் எல்லாம் அடக்கம். வினைச்சொல் எத்தனை தெரியுமா? பதினாறு. கூட இரண்டு துணைவினை. கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பீ, டூ, ஹேவ், சே, சீ, சென்ட். தீர்ந்தது.

எப்படிச் சாத்தியம் என்றால், எளிய வினைகளைப் பெயரோடு சேர்த்துவிடு என்றார். 'ஆஸ்க்' எதற்கு? 'புட் எ கொஸ்டின்' இருக்கிறதே. 'டிசைட்' எதற்கு? 'மேக் எ டிசிஷன்' போதும். 'வான்ட்' வேண்டாம், 'ஹேவ் எ டிசையர் ஃபார்' சரி. பதினாறு வினைக்கு இடம், காலம், ஒருமை, பன்மை பார்த்தால் இலக்கணம் ஒரு கையளவுதான். அஞ்சலட்டையின் இரண்டு பக்கத்தில் ஆங்கிலம்.

கேட்க அற்புதமாக இருந்தது. எச்.ஜி. வெல்ஸ் 1933-ல் தன் எதிர்கால நாவலில் உலகமே பேசிக் பேசும் என்று எழுதினார். சர்ச்சில் 1943 செப்டம்பரில் ஹார்வர்டில் போய் அதை ஆதரித்துப் பேசினார். 1946-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் 23,000 பவுண்டு கொடுத்து காப்பிரைட்டையே வாங்கியது. அப்புறம்? ஒன்றுமில்லை. படுத்துவிட்டது.

அது படுத்ததற்கு அரசியல் காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றும் காரணம் கணக்கு. ஆக்டன் வார்த்தைகளை எண்ணினார், கல்யாணங்களை எண்ணவில்லை. பதினாறு வினை, அறுநூறு பெயர். பெருக்கினால் 9,600 ஜோடி. இதில் எது செல்லும், எது செல்லாது? புட் எ கொஸ்டின் உண்டு, புட் அன் ஆன்சர் கிடையாது, அதற்கு 'கிவ்'. டேக் கேர் உண்டு, மேக் கேர் கிடையாது. 'டூ எ டிசிஷன்' கிடையாது. 'ஆஸ்க்' என்ற ஒரு வார்த்தையைக் கற்பதற்குப் பதிலாக, கொஸ்டின் என்ற பெயர், புட் என்ற வினை, இவை இரண்டும் கூடுமென்ற மூன்றாவது ரகசியம் எல்லாவற்றையும் கற்க வேண்டும். ஆங்கிலேயருக்கு அந்த மூன்றாவது ரகசியம் தாய்ப்பாலோடு வந்துவிடுவதால் அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. ஆக்டனின் திட்டம் ஆங்கிலம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு ரொம்பச் சுலபம்!

இதில் ஒரு தமாஷும் உண்டு. 1940-ல் சர்ச்சில் பதவியேற்றதும் நாட்டு மக்களுக்கு ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை தவிரத் தர ஒன்றுமில்லை என்று பேசியது பிரசித்தம். பேசிக் இங்கிலீஷில் கண்ணீரும் கிடையாது, வியர்வையும் கிடையாது. 1944-ல் ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதி, இதை பேசிக்கில் 'ஐ வாட்டர்', 'ஃபேஸ் வாட்டர்' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும், சரித்திரம் என்னவாகியிருக்கும் என்று கிண்டல் பண்ணியிருக்கிறார். நமக்கு இது பாதிதான் ஜோக். கண்ணீர் என்றால் கண் நீர்தானே. இரண்டாயிரம் வருஷமாக அதை வைத்துத்தான் அழுதுகொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் கேலியாக ஒலிப்பது தமிழில் கவிதை. எல்லாம் பழக்கம்.

ஆக்டனுக்கு நேர் எதிர் முனையில் ஜார்ஜ் ஆர்வெல். 1946-ல் அரசியலையும் ஆங்கிலத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த ஜோடிகளைப் போட்டு வாங்கியிருக்கிறார். ஒரு நல்ல வினைச்சொல் இருக்க, அதைக் கொன்று பெயராக்கி, முன்னால் ஒரு பொக்கை வினையைக் கட்டுவது சோம்பேறித்தனம், பொய்க்கால் என்கிறார். இதில் நியாயம் உண்டு. எந்த ஆபீஸ் கடிதத்தையும் பிரித்துப் பாருங்கள். 'பரிசீலித்தோம்' என்று எழுத மாட்டார்கள், 'பரிசீலனை மேற்கொள்ளப்பட்டது'. யார் மேற்கொண்டார், யாருக்கும் தெரியாது. தப்பித்துக்கொள்ள வசதி.

ஆனால் ஆர்வெல் சொன்னதை ஆபீசுக்கு வெளியே கொண்டுபோனால் தப்பாகிவிடும். 'ஹேவ் எ டிரிங்க்' என்பதும் 'டிரிங்க்' என்பதும் ஒன்றா? இல்லை. டிரிங்க் என்றால் குடி. ஹேவ் எ டிரிங்க் என்றால், உட்காரு, கொஞ்சம் குடி, அவசரமில்லை. அன்னா வியர்ஸ்பிக்கா என்ற மொழியியலாளர் 1982-ல் ஒரு கட்டுரையில் இதே கேள்வியைக் கேட்டார். 'ஹேவ் எ டிரிங்க்' சொல்லலாம், 'ஹேவ் அன் ஈட்' என்று ஏன் சொல்லக்கூடாது? போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பேராசிரியரானவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த மாதிரி 'ஹேவ்' வரும் இடங்களில் ஒரு சின்ன நேரம், ஒரு சின்ன சுகம், திரும்பவும் செய்யலாம் என்ற சௌகரியம் ஒளிந்திருக்கிறது என்று காட்டினார். ஹேவ் எ வாக், ஹேவ் எ ஸ்விம், ஹேவ் எ சாட். 'ஒரு நடை நடந்துட்டு வரேன்', 'ஒரு தூக்கம் போட்டேன்' என்று நாம் சொல்லும்போது வரும் அந்த 'ஒரு'வின் சுகம். பொய்க்கால் இல்லை, நிஜக்கால்.

இந்த வினைகளுக்கு 'லைட் வெர்ப்' என்று 1942-ல் பெயர் வைத்தவர் டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன். எடையில்லாத வினை. அர்த்தத்தின் பாரத்தைப் பெயர் சுமக்கிறது, வினை கூட நடந்து வருகிறது. கம்ப்யூட்டர் வந்தபிறகு பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கொட்டிப் பார்த்தார். அங்கே உருவான 'கோபில்ட்' அகராதி 1987-ல் வந்தது. சாதாரண வினைகள் அகராதியின் முதல் அர்த்தத்தில் வருவதைவிட இப்படி எடையில்லாமல் வருவதே அதிகம் என்பது அவர் கண்டது. அதாவது 'டேக்' என்றால் கையால் எடுப்பது என்று நாம் ஒன்றாம் வகுப்பில் படித்தோமே, அது சிறுபான்மை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பரீட்சை. தமிழ்நாட்டு மாணவன் 'ஐ ரோட் த எக்ஸாம்' என்பான், பரீட்சை எழுதுகிறான் அல்லவா. டெல்லி மாணவன் 'ஐ கேவ் த எக்ஸாம்' என்பான், இந்தியில் பரீட்சை கொடுக்கிறார்கள். லண்டன் மாணவன் பரீட்சைக்கு 'சிட்' பண்ணுகிறான். அமெரிக்க மாணவன் 'டேக்' பண்ணுகிறான். இதில் கவனியுங்கள். அமெரிக்காவில் கொடுப்பவர் வாத்தியார், எடுப்பவன் மாணவன். டெல்லியில் கொடுப்பவன் மாணவன், எடுப்பவர் வாத்தியார். கொடுக்கல் வாங்கல் அப்படியே தலைகீழ். நம் ஊரில் வாத்தியார் டெஸ்ட் 'வைக்கிறார்'. அதனால் 'சார் கெப்ட் எ டெஸ்ட்' என்று பையன்கள் சொல்வதை எந்தக் காலேஜ் கேன்டீனிலும் கேட்கலாம்.

வகுப்பும் அப்படியே. 'இன்னைக்கு அஞ்சு கிளாஸ் எடுத்தேன்' என்று களைப்போடு சொல்லும் நம் லெக்சரர் அதை அப்படியே ஆங்கிலமாக்கி அமெரிக்காவில் சொன்னால், 'இந்த வயசில் ஐந்து பாடம் படிக்கிறாரா' என்று ஆச்சரியப்படுவார்கள். அங்கே கிளாஸ் 'டேக்' பண்ணுகிறவன் மாணவன்.

நம் ஆங்கிலத்தை இப்படி மூன்று ரகமாகப் பிரித்துப் பார்ப்பது உபயோகமானது.

முதல் ரகம், வித்தியாசமாக இருக்கும், ஆனால் யாருக்கும் புரியும். 'ஐ ரோட் த எக்ஸாம்', 'ஐ சா எ ட்ரீம்'. இதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நாளைக்கு அகராதியிலேயே ஏறினாலும் ஏறும்.

இரண்டாவது ரகம், அர்த்தம் மாறிவிடும். மேலே சொன்ன கிளாஸ், எக்ஸாம் இதில் அடக்கம். 'ஐ புட் லீவ்' என்று லீவு போடுவதையும் இதன் ஓரத்தில் சேர்க்கலாம். வெளிநாட்டு மேனேஜருக்கு எங்கே போட்டாய் என்று தெரியாது. இவற்றைக் கட்டாயம் மாற்றிக்கொள்ள வேண்டும். பெருமைக்காக அல்ல, காரியம் நடக்க.

மூன்றாவது ரகம்தான் விவகாரமானது. 'டிட் எ மிஸ்டேக்' ரகம். அர்த்தம் நூறு சதவிகிதம் புரியும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பேசியவர் எந்த ஸ்கூல், எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று கேட்பவர் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வந்ததா, அம்மா ஆங்கிலத்தில் திட்டினாளா என்பதையெல்லாம் காட்டிக்கொடுப்பது இந்தச் சின்ன வினைச்சொற்கள்தான். ஏனென்றால் விதி இல்லாததை விதியாகப் படித்து வர முடியாது. பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் வர முடியும். பக்கத்தில் பேசுவதற்கு ஆள் இல்லாத வீட்டிலிருந்து வந்தவன் என்ன பண்ணுவான்? எண்பத்தைந்து சதவிகித மார்க்கும் அருமையான ப்ராஜெக்டும் வைத்திருக்கும் பையன் ஒரு 'டூ'வில் சறுக்கி 'கம்யூனிகேஷன் போதாது' என்று திரும்பி வருவது அநியாயம்.

இது அநியாயம் என்பதற்குச் சாட்சி நம் பக்கமே இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரர் தமிழ் கற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் முடி வெட்டுகிறோம், ஆனால் மொட்டை அடிக்கிறோம். வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது. அடுப்படியில் காப்பி போடுகிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம். சண்டை போடுகிறோம், சமாதானம் பண்ணுகிறோம். பஸ் பிடிக்கிறோம், அடம் பிடிக்கிறோம், சில பேருக்குப் பைத்தியமும் பிடிக்கிறது. கையெழுத்து, கோலம், குட்டி, மாத்திரை நாலும் 'போடு'. ஏன்? அப்படித்தான் சொல்லுவோம். அந்த மனுஷர் திருப்பதி போய்வந்து 'நான் மொட்டை செய்தேன்' என்றால் நாம் என்ன செய்கிறோம்? 'ஆகா, எவ்வளவு அழகா தமிழ் பேசறார்' என்று மெய்சிலிர்க்கிறோம். டி.வி.யில் உட்காரவைத்துப் பேட்டி எடுக்கிறோம். அவருக்குக் கைதட்டல், நம்ம பையனுக்கு புருவம். தப்பு இரண்டும் ஒரே தப்புதான்.

இதற்கிடையே தமிழ் ஜோடிகளும் சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருக்கின்றன. 'டேக் ஆக்‌ஷன்' வந்து தமிழில் 'நடவடிக்கை எடு' ஆயிற்று. முடிவு செய்தவர்கள், முடிவுக்கு வந்தவர்கள் எல்லாரும் இப்போது முடிவு எடுக்கிறார்கள். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் கூட்டம் நடக்காது, 'இடம்பெறும்'. 'டேக் ப்ளேஸ்' என்பதன் வாசனை அதில் வீசுகிறது. காதல் கொண்டவர்கள், காதல் வசப்பட்டவர்கள் போய், 2008-ல் 'காதலில் விழுந்தேன்' என்று படமே வந்துவிட்டது. ஆங்கிலேயர் 'ஃபால்' பண்ணுகிறார், நாமும் கூடவே விழுகிறோம். இதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன். மொழிகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் கொடுக்கல் வாங்கல் இருக்கும். ஆனால் அவர்கள் ஜோடி நம் மொழிக்குள் வரும்போது நவீனம் என்கிறோம், நம் ஜோடி அவர்கள் மொழிக்குள் போகும்போது மட்டும் தப்பு என்கிறோம். இந்த ஓரவஞ்சனையைத்தான் கேட்கிறேன்.

அப்படியானால் கற்றுக்கொள்ள வேண்டாமா? வேண்டும். நியாயம் கிடைக்கிறவரை பையன் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. நல்ல விஷயம், இது கற்றுக்கொள்ளக்கூடியது. பேருந்து நிலையத்தில் விற்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் இதற்குப் பயன்படுவதில்லை. அவை கோ, வென்ட், கான் என்று அட்டவணை போட்டு வினையைத் தனியாக நிற்க வைக்கின்றன. பெயரைத் தனியாக, தமிழ் அர்த்தத்தோடு, வேறொரு பக்கத்தில். பெண்ணும் மாப்பிள்ளையும் கடைசி வரை சந்திப்பதேயில்லை.

2002-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஒரு காலோகேஷன் அகராதி கொண்டுவந்தது. பத்துக் கோடிச் சொல் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற தொகுப்பைச் சலித்து, சுமார் 9,000 சொற்களுக்கு ஒன்றரை லட்சம் ஜோடிகள் தந்திருக்கிறார்கள். அதன் புத்திசாலித்தனம், பெயரைத் தேடினால் வினை கிடைக்கும். நமக்குச் சொல்ல வேண்டிய விஷயம் முதலில் தெரியும், மிஸ்டேக் என்று. எதைச் சேர்ப்பது என்பதில்தான் தடுமாற்றம். 'மிஸ்டேக்' பக்கத்தைப் பிரித்தால் 'மேக்' காத்திருக்கிறது. குறை, எது கூடும் என்று சொல்கிறதே தவிர, எது கூடாது என்று சொல்வதில் அதற்கு அத்தனை அக்கறை இல்லை. நாம் தமிழிலிருந்து தூக்கிக்கொண்டு போகும் ஜோடிகள் எவை, அதில் எது பரவாயில்லை, எது ஆபத்து என்று அதற்குத் தெரியாது. ஹார்ன்பிக்கு ஜப்பானிய மாணவன் எதிரே உட்கார்ந்திருந்தான். நம் பையனை எதிரே உட்காரவைத்து எழுதின அகராதியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வரும்வரை ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். படிக்கும்போது புதிதாக ஒரு பெயர்ச்சொல் வந்தால் தனியாக எழுதாதீர்கள். அதன் இடதுபக்கம் நிற்கும் வினையோடு சேர்த்தே எழுதுங்கள். அர்த்தம் வேண்டாம், ஜோடி போதும். கதைப் புத்தகம், கிரிக்கெட் ரிப்போர்ட், ஆங்கில சினிமாவின் சப்டைட்டில், எதுவானாலும் சரி. தினம் ஐந்து ஜோடி என்றால் வருஷத்துக்கு 1,825. அதற்கு மேல் எந்த இன்டர்வியூவிலும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்' என்று நம் ஆபீஸ்களில் எழுதுவதை வெளிநாட்டில் கிண்டல் பண்ணுகிறார்கள். அவர்கள் தாத்தாக்கள் எழுதிய ஆங்கிலம்தான், அவர்கள் மறந்துவிட்டார்கள், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். தமிழ் மனுக்களில் அதற்கு இணையாக ஒரு நல்ல தொடர் இருக்கிறது. ஆங்கிலப் பாடப் புத்தகம் எழுதுகிற பெரியவர்களுக்கு, மேலே சொன்ன நோட்டு விஷயத்தைப் பொறுத்தவரை, அதையே சமர்ப்பிக்கிறேன்.

ஆவன செய்யவும்.